ஸ்கில்டு ஒர்க்கர் விசா நீட்டிப்பு: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான ஆவண வழிகாட்டி

பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ பிறந்து, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு ஐடி வேலைக்கோ, நர்சிங் முடித்துவிட்டு மருத்துவமனை வேலைக்கோ, ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் (முதலாளி ஸ்பான்சர் செய்து, அதாவது பொறுப்பேற்று, கிடைக்கும் வேலை விசா) பிரிட்டன் போனவர் ஒருவருக்கு விசா முடியும் தேதி நெருங்குகிறது. கம்பெனி எச்ஆரிடம் பேசுவது, சம்பளச் சீட்டுகளை இறக்கி வைப்பது, பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்வது எல்லாம் சில நாள் வேலை. அவரைக் காக்க வைப்பது பெரும்பாலும் ஊரிலிருந்து வர வேண்டிய காகிதம்தான். மனைவியின் பெயரில் ஓர் எழுத்து மாறிய திருமணச் சான்று, குழந்தையின் பெயரே ஏறாத பிறப்புச் சான்று, கைப்பட எழுதிய பழைய தமிழ்ச் சான்று. இவற்றைச் சரிசெய்ய இங்கே யாராவது ஒருவர் வேலையை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியை அங்கே இருப்பவர் மட்டுமல்ல, இங்கே இருக்கும் அப்பா, அண்ணன், மச்சான் யாராவது ஒருவரும் படிக்க வேண்டும். ஊர் ஆவணங்களுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் நாள் போவது அவற்றில்தான். விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி மூன்று விஷயத்தைத்தான் தேடுகிறார்: எல்லாக் காகிதத்திலும் ஒரே ஆள், ஒரே வேலை, ஒரே சம்பளம். கட்டு எவ்வளவு தடியாக இருக்கிறது என்று யாரும் எடை போடுவதில்லை. ஒன்றோடொன்று முரண்படாத பத்து பக்கம், முரண்படும் நூறு பக்கத்தைவிட மேல்.

கீழே சொல்லும் தொகைகளும் விதிகளும் எந்தத் தேதியிலிருந்து வந்தவை என்று அங்கங்கே குறித்திருக்கிறேன். பிரிட்டன் அரசு இவற்றை அடிக்கடி மாற்றுகிறது, கட்டணங்கள் பெரும்பாலும் ஏப்ரலில் மாறும். விண்ணப்பிக்கும் அன்று அரசின் அதிகாரபூர்வ தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 1: தேதிகளைக் குறித்துவையுங்கள்

கையில் இருந்த பிஆர்பி எனும் குடியிருப்பு அனுமதி அட்டைகள் 2024 டிசம்பர் 31-ஓடு காலாவதியாகிவிட்டன. இப்போது உங்கள் அனுமதி இ-விசாவாக, அதாவது மின்னணு விசாவாக, பிரிட்டன் குடியேற்றத்துறையின் இணையக் கணக்கான யூகேவிஐ கணக்கில்தான் இருக்கிறது. உங்கள் விசா எப்போது முடிகிறது என்பதை அட்டையில் பார்க்காதீர்கள், பல அட்டைகளில் விசா அதற்குப் பிறகும் செல்லும் நிலையிலேயே 2024 டிசம்பர் 31 என்று அச்சிட்டிருந்தார்கள். கணக்கில் நுழைந்து பாருங்கள். மனைவிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கும் அங்கேயே பிறந்த குழந்தைக்கும் தேதி வேறாக இருக்க வாய்ப்பு உண்டு.

அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 6 மாதம் முன்பு ஊர் ஆவணங்களைத் தொடங்குங்கள். 4 மாதம் முன்பு எச்ஆரிடம் பேசுங்கள். வேலை தருபவர் ஒதுக்கும் சிஓஎஸ், அதாவது ஸ்பான்சர் சான்று, ஒதுக்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் பயன்படுத்தப்பட வேண்டும். அதில் குறித்த வேலை தொடங்கும் தேதியும் நீங்கள் விண்ணப்பிக்கும் நாளிலிருந்து 3 மாதத்துக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. ஆகவே இதை ரொம்ப முன்னாடியும் வாங்க முடியாது. விசா முடியும் நாளுக்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டியிருக்க வேண்டும், இதில் சலுகை என்று எதையும் நம்ப வேண்டாம்.

பாஸ்போர்ட்டின் ஆயுளையும் இப்போதே பாருங்கள். விண்ணப்பத்தின் நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தால் எண் மாறும், குழப்பம் வரும். முடியப்போகிறது என்றால் முதலில் அதை முடித்துவிட்டு, புதிய எண்ணை யூகேவிஐ கணக்கில் சேர்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். அங்கிருந்து புதுப்பிக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரிக்குக் காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வரக்கூடும். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீடு மாறியிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

படி 2: சிஓஎஸ்ஸை வரி வரியாகப் படியுங்கள்

சிஓஎஸ் என்பது கையில் தரும் சான்றிதழ் அல்ல, அரசின் கணினியில் உங்கள் முதலாளி பதியும் ஒரு பதிவு. உங்களுக்கு வருவது அதன் எண் மட்டும். எண் வந்ததும் திருப்தியாகி விடாதீர்கள். பதிவின் முழு விவரத்தையும் பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்லுங்கள், கேட்டால் பெரும்பாலான எச்ஆர்கள் தருவார்கள்.

அதில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பணியின் பெயர், தொழில் குறியீடு, வார வேலை நேரம், ஆண்டுச் சம்பளம், வேலை செய்யும் இடம், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் உண்மை நிலவரப்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். தவறு இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே முதலாளி அதில் திருத்தக் குறிப்பு சேர்க்க முடியும். சமர்ப்பித்த பிறகு அது பெரிய தலைவலி.

தொழில் குறியீட்டில் பலர் பயந்துபோகிறார்கள். 2024 ஏப்ரல் 4 முதல் பழைய குறியீட்டுப் பட்டியலுக்குப் பதில் புதிய பட்டியல் வந்தது. சாஃப்ட்வேர் டெவலப்பருக்கு முன்பு 2136, இப்போது 2134. முதியோர் பராமரிப்பாளருக்கு 6145 என்று இருந்தது 6135 ஆனது. எண் மாறியதால் வேலை மாறிவிட்டது என்று பொருள் இல்லை. வேலையின் தன்மையே மாறியிருந்தால், அல்லது முதலாளி மாறியிருந்தால், அது நீட்டிப்பு அல்ல. விசாவைப் புதுப்பித்து மாற்றும் வேறு விண்ணப்பம் அது, ஒப்புதல் வரும்வரை புதிய வேலையில் சேரக் கூடாது.

சம்பள வரம்பும் இங்கேதான் வருகிறது. 2025 ஜூலை 22 முதல் பொதுவான வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு வைத்திருக்கும் வழக்கமான சம்பளம், இரண்டில் எது அதிகமோ அது. 2024 ஏப்ரல் 4-க்கு முன்பே இந்த விசா வாங்கி இடைவெளி இல்லாமல் தொடர்பவர்களுக்கு 31,300 என்ற குறைந்த வரம்பு இருக்கிறது. தேசிய சம்பள அட்டவணைப்படி ஊதியம் வாங்கும் மருத்துவ, கல்வி வேலைகளுக்குக் கணக்கு வேறு, அங்கே குறைந்தபட்சம் 25,000. எந்த வரம்பில் வருகிறீர்கள் என்பதை எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய ஆட்களுக்கான சலுகை தெரியாமல், "உங்கள் சம்பளம் போதாது, நீட்டிக்க முடியாது" என்று சொல்லிவிடும் சிறிய நிறுவனங்களும் உண்டு. அந்த ஒரு வார்த்தையை நம்பி ஊருக்கு மூட்டை கட்டிவிடாதீர்கள்.

பணம் பற்றி ஒன்று. முதலாளியின் ஸ்பான்சர் உரிமக் கட்டணம், சிஓஎஸ் கட்டணம், திறன் வரி என்று அவர் அரசுக்குக் கட்டும் தொகைகளை உங்களிடமிருந்து வசூலிக்கக் கூடாது. சிஓஎஸ் புதுப்பிக்க இத்தனை லட்சம் என்று ஊரில் அப்பாவிடம் யாராவது போன் செய்து கேட்டால் அது மோசடி. விசா கட்டணமும், அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்கான மருத்துவக் கட்டணமும் மட்டும்தான் உங்கள் பொறுப்பு, அதையும் நல்ல முதலாளிகள் சிலர் தாங்களே ஏற்கிறார்கள்.

படி 3: சம்பள ஆதாரம்

கடைசி 6 மாதச் சம்பளச் சீட்டுகள், அதே மாதங்களுக்கான வங்கி அறிக்கை, கடைசி ஆண்டின் பி60 (அந்த ஆண்டின் மொத்தச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி முதலாளி தரும் படிவம்). பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 5-ல் முடிகிறது, மே 31-க்குள் முதலாளி பி60 தந்துவிட வேண்டும். எல்லோரிடமும் இவற்றைக் கேட்பார்கள் என்று இல்லை. வருமான வரித்துறைப் பதிவைக் குடியேற்றத்துறை நேரடியாகவே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் கையில் வைத்திருப்பது நல்லது, கேட்டால் அன்றே அனுப்பிவிடலாம்.

சீட்டில் உள்ள நிகரத் தொகையும் வங்கியில் ஏறிய தொகையும் பென்ஸ் கணக்கு வரை ஒத்துப்போக வேண்டும். சிஓஎஸ்ஸில் சொன்ன சம்பளத்தைவிட ஏதாவது மாதம் குறைவாக வந்திருந்தால் அதுதான் அதிகாரியின் கண்ணில் முதலில் படும். மகப்பேறு விடுப்பு, நோய் விடுப்பு போன்ற காரணம் இருந்தால் தப்பில்லை. காரணத்தையும் தேதிகளையும் சொல்லி நிறுவனத் தாளில் ஒரு கடிதம் வாங்கி அந்தச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது சம்பளமில்லா விடுப்பு. மாரியம்மன் பண்டிகை, தங்கை கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன் என்று ஊருக்கு வந்து, இருக்கும் விடுப்பு தீர்ந்தபின் சம்பளமில்லாமல் நீட்டிப்பது சாதாரணமாக நடக்கிறது. ஒரு காலண்டர் ஆண்டில் இப்படி மொத்தம் 4 வாரத்தைத் தாண்டினால், விதிவிலக்கான காரணங்கள் தவிர, முதலாளி உங்களை ஸ்பான்சர் செய்வதையே நிறுத்த வேண்டிவரும். விமான டிக்கெட் போடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். கூடவே, ஊருக்கு வந்து போன ஒவ்வொரு தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விண்ணப்பத்தில் பயண விவரம் கேட்பார்கள். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்குப் போகும்போது எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது.

படி 4: பெயர்

தமிழ்ப் பெயர்களோடு வரும் சிக்கலுக்குத் தனியாக ஒரு படி தேவைப்படுகிறது. உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் செ. கவிதா. பாஸ்போர்ட்டில் கவிதா முதற்பெயர், செல்வராஜ் குடும்பப்பெயர். கல்யாணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கவிதா பிரகாஷ். அங்கே கம்பெனியில் அவர் மிஸ்ஸஸ் செல்வராஜ், வங்கி அட்டையில் கே. செல்வராஜ். நமக்கு இது எல்லாம் ஒரே கவிதா என்று பார்த்ததும் தெரியும். பிரிட்டனில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குச் செல்வராஜ் என்பது அப்பா பெயர், பிரகாஷ் என்பது கணவர் பெயர் என்று தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

அடிப்படை பாஸ்போர்ட்தான். அதில் உள்ள பெயரே யூகேவிஐ கணக்கிலும், சிஓஎஸ்ஸிலும், சம்பளச் சீட்டிலும், வங்கிக் கணக்கிலும் இருக்கும்படி இப்போதே மாற்றுங்கள். சம்பளச் சீட்டிலும் வங்கியிலும் மாற்றுவது எளிது, ஒரு மின்னஞ்சல் போதும். பள்ளிச் சான்றிதழை மாற்ற முயல வேண்டாம், நீட்டிப்புக்கு அது தேவையும் இல்லை. தேவையான ஓர் ஆவணத்தில் பெயர் வேறாக இருந்து, மாற்ற நேரமும் இல்லையென்றால், நீங்களே கையெழுத்திட்ட ஒரு விளக்கக் கடிதம் வையுங்கள். நம் ஊர் வழக்கப்படி இனிஷியல் என்பது தந்தை பெயரின் முதலெழுத்து, என் தந்தை பெயர் இது, ஆகவே இந்த இரண்டு பெயரும் என்னையே குறிக்கும் என்று அரைப் பக்கத்தில் எழுதினால் போதும். நோட்டரி முத்திரை கட்டாயம் இல்லை.

பிறந்த தேதி இரண்டு விதமாக இருப்பவர்களும் நம் பக்கம் நிறைய. பள்ளியில் சேர்க்கும்போது சொன்ன தேதி ஒன்று, பிறப்புப் பதிவேட்டில் வேறு. பாஸ்போர்ட்டில் எது இருக்கிறதோ அதுவே எங்கும் போக வேண்டும். தேவையில்லாத ஆவணத்தைக் கட்டில் சேர்த்து நீங்களே ஒரு முரண்பாட்டை உருவாக்க வேண்டாம். அதே நேரம், கேள்வி என்று ஒன்று வந்தால் மறைக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். பொய்யான ஆவணம் கொடுத்தது தெரிந்தால் மறுப்பு மட்டுமல்ல, 10 ஆண்டுத் தடை வரை போகும்.

படி 5: ஊரிலிருந்து வர வேண்டியவை

தனி ஆளாக இருப்பவருக்கு ஊர் ஆவணம் ஏறக்குறைய எதுவும் வேண்டாம். குடும்பம் அங்கே இருந்தால் திருமணச் சான்றும் குழந்தைகளின் பிறப்புச் சான்றும் வேண்டும். முதல் விசாவுக்குக் கொடுத்ததுதானே என்று விட்டுவிடாமல் மறுபடியும் தயாராக வையுங்கள்.

திருமணச் சான்று: தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ன்படி கோயிலில் நடந்தாலும் மண்டபத்தில் நடந்தாலும் பதிவு கட்டாயம். திருமண நாளிலிருந்து 90 நாளுக்குள், தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தக் காலம் தாண்டியவர்கள் இந்து திருமணச் சட்டம் 1955-ன் கீழ் பதிய வழி இருக்கிறதா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். கணவன் மனைவி இருவரும் நேரில் வர வேண்டியிருக்கும் என்பதால், ஊருக்கு வரும் விடுமுறையிலேயே இதை முடித்துவிடுங்கள். பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, கோயில் ரசீது எதுவும் பதிவுச் சான்றுக்கு ஈடாகாது. ஏற்கெனவே பதிந்து சான்று தொலைந்திருந்தால், பதிவு எண்ணும் ஆண்டும் தெரிந்தால் வேலை சுலபம். பழைய ஸ்கேன் ஏதாவது போனில் இருக்கிறதா என்று தேடிவிட்டு அண்ணனை அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

பிறப்புச் சான்று: முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்பது. பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியில் பதியும்போது பெயர் வைத்திருக்க மாட்டார்கள், அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை, 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எங்கே போவது என்பது எங்கே பதிந்தது என்பதைப் பொறுத்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் நகரத்தில் பிறந்திருந்தால் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகம். கிராமத்தில் பிறந்திருந்தால் அந்தப் பகுதிப் பதிவாளர். அது விஏஓவா, ஆரம்ப சுகாதார நிலையமா என்பது பழைய சான்றின் அடியில் உள்ள முத்திரையைப் பார்த்தாலே தெரியும். சான்றில் அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டும் இருக்க வேண்டும், அவை இருவரின் பாஸ்போர்ட்டோடும் ஒத்துப்போக வேண்டும். அம்மாவின் பெயரில் எழுத்து மாறியிருந்தால் அதே பதிவாளரிடமே திருத்தக் கேட்கலாம். பிறப்பையே பதியாமல் விட்டு ஓர் ஆண்டு தாண்டியிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு தேவைப்படும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

நம் இரண்டு மாவட்டத்துக்கும் மட்டுமே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முன் ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ போச்சம்பள்ளியிலோ பிறந்தவரின் சான்றில் மாவட்டம் தர்மபுரி என்று இருக்கும், அண்மையில் எடுத்த ஆவணங்களில் கிருஷ்ணகிரி என்று இருக்கும். அதைத் திருத்தச் சொல்லி எங்கும் அலைய வேண்டாம், அந்தந்தக் காலத்துக்கு அவை சரியே. விண்ணப்பத்தில் பிறந்த இடத்துக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர்ப் பெயரை அப்படியே எழுதுங்கள். இரண்டு ஆவணமும் ஒன்றாகப் போகிறது என்றால், மாவட்டம் பிரிந்த ஆண்டைச் சொல்லி விளக்கக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

ஓசூர், பர்கூர் பக்கத்தில் பிரசவத்துக்குப் பெங்களூருக்கோ குப்பத்துக்கோ போவது வழக்கம். அப்படிப் பிறந்த குழந்தையின் பதிவு கர்நாடகத்திலோ ஆந்திரத்திலோதான் இருக்கும். கிருஷ்ணகிரி அலுவலகத்தில் எத்தனை நாள் நின்றாலும் அதில் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மாநிலத்தின் பதிவாளரிடம்தான் போக வேண்டும்.

அங்கேயே பிறந்த குழந்தைக்குப் பிரிட்டன் குடியுரிமை தானாக வராது, பெற்றோரில் ஒருவராவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றிருக்க வேண்டும். அங்கே வாங்கும் பிறப்புச் சான்றில் பெற்றோர் விவரம் உள்ள முழுச் சான்றை வாங்குங்கள், சுருக்கச் சான்று போதாது. இந்தியத் தூதரகத்தில் ஓர் ஆண்டுக்குள் பிறப்பைப் பதிந்து இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து, உங்கள் நீட்டிப்போடு சேர்த்துக் குழந்தைக்கும் சார்ந்தவர் விசா கேளுங்கள்.

படி 6: மொழிபெயர்ப்பு

ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத ஆவணம் எதுவானாலும் மொழிபெயர்ப்பு சேர்த்துத்தான் போக வேண்டும். இப்போது கணினியில் வரும் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்று தமிழும் ஆங்கிலமுமாக இருப்பதால் அதற்குத் தேவையில்லை. கைப்பட எழுதிய பழைய தமிழ்ச் சான்று, கன்னடத்திலோ தெலுங்கிலோ மட்டும் உள்ள சான்று இருந்தால் தேவை.

மொழிபெயர்ப்பில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயரும் கையெழுத்தும், அவரைத் தொடர்புகொள்ளும் விவரம். கோர்ட் வாசலில் நோட்டரி முத்திரை மட்டும் குத்தி வாங்குவதில் இந்த நான்கும் பெரும்பாலும் இருப்பதில்லை. மூலத்தின் ஸ்கேனும் மொழிபெயர்ப்பும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கட்டும். அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் காட்ட ஆவணத்துக்கு அரசு தரும் சான்றொப்பம்) வேண்டும் என்று சொல்லி ஏஜென்டுகள் பணம் பிடுங்குகிறார்கள், இந்த விண்ணப்பத்துக்கு அது கேட்கப்படுவதில்லை.

படி 7: கையிருப்புப் பணம்

12 மாதமோ அதற்கு மேலோ செல்லுபடியாகும் விசாவில் அங்கே இருந்துவிட்டவர் கையிருப்பு எதுவும் காட்ட வேண்டியதில்லை. வந்து ஓர் ஆண்டு ஆகாத மனைவி அல்லது கணவருக்கு 285 பவுண்டு, முதல் குழந்தைக்கு 315, அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 200 காட்ட வேண்டிவரும். தொடர்ந்து 28 நாள் அந்தத் தொகை ஒரு நாளும் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும், அறிக்கையின் கடைசி நாள் விண்ணப்ப நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் இருக்க வேண்டும். இதற்குப் பதிலாக முதலாளி சிஓஎஸ்ஸில் பொறுப்பேற்றுக் குறித்தாலும் போதும்.

நிலப் பட்டா, சிட்டா, நகை மதிப்பீடு, சீட்டுப் பணம், மாந்தோப்புக் குத்தகைப் பத்திரம் எதுவும் இங்கே செல்லாது. அப்பாவின் கணக்கில் உள்ள பணமும் செல்லாது, மாணவர் விசாவின் விதி வேறு. உங்கள் பெயரிலோ துணையின் பெயரிலோ வங்கியில் எடுக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும்.

படி 8: கேட்காதவற்றை விட்டுவிடுங்கள்

ஆங்கிலத் திறனை முந்தைய விசாவுக்கு நிரூபித்திருந்தால் மறுபடி தேர்வு எழுத வேண்டாம். 2026 ஜனவரி 8 முதல் புதிதாக வருபவர்களுக்கு பி2 எனும் உயர்ந்த ஆங்கில நிலை கேட்கப்படுவதைப் பார்த்து, ஏற்கெனவே அதற்குக் கீழான பி1 நிலையில் வந்தவர்கள் பதற வேண்டியதில்லை. காசநோய்ச் சான்றும், காவல்துறை நன்னடத்தைச் சான்றும் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கானவை. அங்கிருந்தே நீட்டிக்கும்போது தர்மபுரி எஸ்பி ஆபீசுக்கு யாரும் அலைய வேண்டாம்.

படி 9: பணம் கட்டும் நாள்

முழுத் தொகையையும் விண்ணப்பத்தோடு கட்ட வேண்டும் என்பதால் முன்பே கணக்குப் போடுங்கள். 2025 ஏப்ரல் 9 நிலவரப்படி பிரிட்டனுக்குள் இருந்தே 3 ஆண்டு வரை நீட்டிக்க ஆளுக்கு 885 பவுண்டு, 3 ஆண்டுக்கு மேல் 1,751. மருத்துவக் கட்டணம் 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035, 18 வயதுக்குக் கீழ் 776. கணவன், மனைவி, ஒரு குழந்தை, 3 ஆண்டு என்றால் விசா கட்டணம் 2,655, மருத்துவக் கட்டணம் 8,538, மொத்தம் 11,193 பவுண்டு. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு இது. ஊரில் வீடு கட்டவோ கடன் அடைக்கவோ அனுப்பும் பணத்தை அந்த ஆண்டு குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நர்ஸ், பராமரிப்பாளர் போன்றோர் ஹெல்த் அண்ட் கேர் விசாவில் இருந்தால் மருத்துவக் கட்டணம் கிடையாது, விசா கட்டணமும் குறைவு. விண்ணப்பத்தைத் தவறான பிரிவில் தொடங்கிவிடாமல் பாருங்கள். கார்டின் ஒருநாள் வரம்பை வங்கியிடம் சொல்லி உயர்த்தி வையுங்கள்.

படி 10: ஸ்கேன், ஏற்றம், கைரேகை

ஒவ்வோர் ஆவணமும் கலரில், நான்கு மூலையும் தெரியும்படி, ஒரு பிடிஎஃப்பாக இருக்கட்டும். ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும். கடையில் ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். கோப்பின் பெயரிலேயே யாருடைய என்ன ஆவணம் என்று தெரிய வேண்டும். வங்கி அறிக்கையில் காலிப் பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் இருக்க வேண்டும்.

சிலருக்கு அடையாளச் சோதனையைச் செல்போன் செயலியிலேயே முடிக்கலாம், சிலர் பயோமெட்ரிக் மையத்துக்குப் போக வேண்டும். எது என்று விண்ணப்பமே சொல்லும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம், தனி ஏற்றம்.

படி 11: காத்திருக்கும் காலம்

சாதாரணமாக 8 வாரம். கூடுதலாக 500 பவுண்டு கட்டினால் 5 வேலை நாளில், 1,000 பவுண்டு கட்டினால் அடுத்த வேலை நாளில் முடிவு கிடைக்கக்கூடும். விசா முடியும் முன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய விசாவின் உரிமைகள் 1971-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 3சி பிரிவின்படி தொடரும். வேலையும் தொடரும். முதலாளிக்குச் சந்தேகம் இருந்தால் அரசின் சரிபார்ப்புச் சேவையில் கேட்டு உறுதிக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம், அது 6 மாதம் செல்லும்.

ஆனால் இந்தக் காலத்தில் பிரிட்டன், அயர்லாந்து எல்லையைத் தாண்டினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஊரில் வயதான அப்பா அம்மா இருப்பவர்கள் இதை வீட்டில் முன்பே புரியவைக்க வேண்டும். உடல்நிலை மோசமாக இருக்கும் பெரியவர் இருந்தால், பணம் கூடினாலும் வேகமான சேவையை எடுங்கள். அந்த ஆயிரம் பவுண்டு வீண் செலவு இல்லை.

கூடுதல் ஆவணம் கேட்டு மின்னஞ்சல் வரலாம், ஸ்பேம் பெட்டியையும் தினம் பாருங்கள். மறுத்துவிட்டால், 14 நாளுக்குள் நிர்வாக மறுபரிசீலனை கேட்கலாம். அந்தக் கட்டத்தில் ஊர் ஏஜென்டையோ நண்பரையோ நம்பாமல், பிரிட்டனின் குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு செய்த ஆலோசகரையோ வழக்கறிஞரையோ பாருங்கள். பதிவு இல்லாமல் அங்கே ஆலோசனை சொல்வதே குற்றம். ஆலோசகர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, யாரும் பெயரைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒப்புதல் வந்த அன்றே யூகேவிஐ கணக்கில் நுழைந்து பெயர், பிறந்த தேதி, முடியும் தேதி, வேலை நிபந்தனை எல்லாவற்றையும் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் சரிபாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே புகார் செய்யும் வசதி இருக்கிறது. உங்கள் விசா நிலையை முதலாளி இணையத்தில் பார்க்க உதவும், 90 நாள் செல்லும் ஷேர் கோடு எனும் குறியீட்டை எடுத்து எச்ஆருக்கு அனுப்புங்கள். இப்போது கையில் உள்ள பாஸ்போர்ட்தான் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பெங்களூருக்கு டிக்கெட் போடுங்கள்.